பிக்கப் வண்டி: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

மார்ச் 2

வாசகர் ஒருவரின் கேள்வி: “நான்கு கதவு டீசல் பிக்கப் வாங்கப் போகிறேன். வாரநாள்களில் நெரிசலில் அலுவலகம், விடுமுறையில் டிரெய்லரில் படகு, எப்போதாவது மண்பாதை. ‘பிக்கப் என்றால் மேனுவல்தான், ஆட்டோமேட்டிக் சோம்பேறிகளுக்கு’ என்று மைத்துனர் அடித்துச் சொல்கிறார். விற்பனையாளரோ மேனுவலைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிறார். எதை நம்புவது?”

மார்ச் 2, இரவு

இருவரையும் நம்ப வேண்டாம். மைத்துனருக்கு வேண்டியது வீரம், விற்பனையாளருக்கு வேண்டியது கையிருப்பைத் தள்ளிவிடுவது.

நெடுஞ்சாலையில் டாப் கியரில் போகும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லோரும் அங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அதனால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை. உங்கள் வண்டி மிக மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை எது என்று யோசித்துப் பாருங்கள். பாரம் கட்டிய டிரெய்லரை மேட்டில் பின்னோக்கி ஏற்றுவதா? பாறை மீது அங்குலம் அங்குலமாக ஊர்வதா? நெரிசலில் நகர்ந்து நிற்பதா? மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே நடப்பதுதான் கியர் பெட்டியைத் தீர்மானிக்க வேண்டும். படகு இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஆட்டோமேட்டிக் பக்கம்தான் என் கை சாய்கிறது. காரணத்தை நாளை எழுதுகிறேன்.

(நான் ஓட்டுவது மேனுவல். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தோண்டி எடுக்க வேண்டாம்.)

மார்ச் 3

காரணம் இதுதான். மேனுவலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது உராய்வுத் தட்டு ஒன்று, அதுதான் கிளட்ச். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடினாலே வண்டிக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதைவிட மெதுவாகப் போக வேண்டுமானால் கிளட்ச் வழுக்கியாக வேண்டும், அதாவது ஹாஃப் கிளட்ச். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும், தட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் போவதற்கு அங்கே வழியில்லை. அடைபட்ட உறைக்குள் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான்.

ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு விசிறிகள் எண்ணெய்க்குள் எதிரெதிரே அமர்ந்து சுழல்கின்றன, நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது விசிறி. எஞ்சின் எண்ணெயைத் தள்ள, எண்ணெய் அடுத்த விசிறியைத் தள்ளுகிறது. இங்கேயும் வழுக்கல் உண்டு, வெப்பமும் உண்டு. ஆனால் வெப்பத்தை எண்ணெய் சுமந்துகொண்டு போய்க் குளிர்விப்பானில் விட்டுவிட்டு வருகிறது. இந்த வழுக்கலில் தேய்வதற்குத் தட்டும் இல்லை. வண்டி அசையத் தொடங்கும் அந்தத் தருணத்தில் ஸ்டேட்டரின் புண்ணியத்தால் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகுகிறது. பாரத்தோடு கிளம்பும்போது வேண்டியது இதுதானே.

டிரெய்லரை மேட்டில் பின்னோக்கி ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரிவர்ஸ் கியர் பல வண்டிகளில் முதல் கியர் அளவுக்கே இருக்கும், சிலவற்றில் அதைவிடக் கொஞ்சம் வேகமாகவும் இருக்கும். டிரெய்லர் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நத்தை வேகத்தில் போக வேண்டும். இடதுகால் மிதியை ஒரு நூலளவு விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, தொடை நடுங்கத் தொடங்கும். முதலில் வருவது மிதியின் பிடிமானம் மாறுவது. வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடிக்காது. பிறகு மெல்லிய அதிர்வு. அதற்குப் பின்தான் அந்த நாற்றம், கருகிய காகிதமும் வெந்த ரப்பரும் கலந்தது போல. மூக்குக்கு எட்டும்போது பிளேட்டின் ஆயுளில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருக்கும். இறங்கி நின்று ஆறவிடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

மார்ச் 3, பிற்பகல்

“மேனுவல்தான் அதிகம் இழுக்கும், இது ஊரறிந்த உண்மை” என்று ஒருவர். ஒரு காலத்தில் உண்மைதான். இப்போது விவரப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 லிட்டர் டீசல்: எஞ்சின் ஒன்றே, முறுக்குவிசை மேனுவலோடு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கோடு 500. ராம் கனரகப் பிக்கப்பில் 2018 மாடலில் கம்மின்ஸ் டீசலுக்கு மேனுவலில் 660 பவுண்டு-அடி, உயர்ரக ஆட்டோமேட்டிக்கில் 930. அமெரிக்கக் கனரகப் பிக்கப்புகளில் மேனுவல் கிடைத்த கடைசி ஆண்டும் அதுதான். ஜீப் கிளாடியேட்டர் ரூபிகான், 2020 மாடல்: மேனுவல் இழுக்க அனுமதி 4,500 பவுண்டு, ஆட்டோமேட்டிக் 7,000. ஏறத்தாழ 2,040 கிலோவும் 3,175 கிலோவும். வண்டி அதே வண்டி, சேசிஸ் அதே சேசிஸ்.

மார்ச் 3, பிற்பகல், இன்னும் கொஞ்சம்

மேலே உள்ளதை யாரும் “மேனுவல் பலவீனமானது” என்று படித்துவிடக் கூடாது. கியர் பற்கள் தாங்கும், பிரச்சினை கிளட்ச். அதிக முறுக்குவிசையைத் தாங்கும் கிளட்ச் போட்டால் மிதி பாறைபோல் கனக்கும், அப்படி ஒரு வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் நிறுவனங்கள் எஞ்சினின் வாயைக் கட்டிவிடுகின்றன. அதே கிளாடியேட்டரின் மேனுவல் வண்டிகள் கிளட்ச் அளவுமீறிச் சூடேறி பிரஷர் பிளேட் உடையும் அபாயம் காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்டன. மார்ச் 3 காலைக் குறிப்பில் சொன்ன அடைபட்ட உறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5

எதிர்பார்த்த ஆட்சேபணை வந்துவிட்டது: “லோ ரேஞ்ச் எதற்கு இருக்கிறது? அதைப் போட்டால் ஹாஃப் கிளட்ச் தேவையே இல்லை.”

நியாயமான பேச்சு. நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் லோ ரேஞ்ச் என்ற கூடுதல் கியர் நிலை வேகத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைக்கும். கிளட்சை முழுதாக விட்டுவிட்டு ஐட்லிங்கிலேயே டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளலாம். நானும் மண் தரையில் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பெரும்பாலான பிக்கப்புகளில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடும் நான்கு சக்கர இயக்கம். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையிலோ கான்கிரீட்டிலோ அதைப் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். வண்டி முனகும், டயர் துள்ளும், லீவர் திரும்ப வெளியே வராமல் அடம்பிடிக்கும். டிரெய்லரைப் பின்னோக்கி எடுப்பதென்றால் ஒடிக்காமல் எப்படி? முன் அச்சைக் கழற்றிவிட்டு லோ ரேஞ்சை மட்டும் பயன்படுத்தும் மாற்றங்கள் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு கதை.

இரு சக்கர இயக்க வண்டி வாங்குகிறவருக்கு இந்த வழியும் கிடையாது. ஆகவே முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் திருத்தி வைக்கிறேன்: படகும், அதை நீரில் இறக்கக் கான்கிரீட் சரிவும் என்றால் ஆட்டோமேட்டிக். படகும் மணல் கரையும், லோ ரேஞ்சும் இருக்கிறது என்றால் மேனுவல் தாராளமாகச் சமாளிக்கும்.

மார்ச் 5, இரவு

மணல் என்றதும் ஞாபகம் வந்தது. ஆழமான மணலில் போய்க்கொண்டே இருப்பதற்கு ஆட்டோமேட்டிக்தான் கெட்டிக்காரன். மேனுவலில் கியர் மாற்ற ஒரு நொடி கிளட்சை மிதித்தால் போதும், மணல் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும், டர்போவும் அழுத்தத்தை இழந்துவிடும். மறுபடி அழுத்தம் ஏறுவதற்குள் டயர் குழி தோண்டியிருக்கும்.

மார்ச் 6

பாறை ஊர்தலில் யார் ராஜா என்று கேட்டவருக்கு. கணக்கு எளிது. முதல் கியர் விகிதம், லோ ரேஞ்ச் விகிதம், அச்சின் இறுதி விகிதம் மூன்றையும் பெருக்குங்கள். கிளாடியேட்டர் ரூபிகானையே எடுத்துக்கொள்வோம். மேனுவலில் 5.13 பெருக்கல் 4 பெருக்கல் 4.10, ஆக 84-க்குச் சற்று மேல். ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.71, ஆக 77. எண்ணில் மேனுவல் ஜெயிக்கிறது.

நிஜத்தில்? ஏறும்போது கன்வெர்ட்டரின் பெருக்கம் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். சக்கரம் பாறையில் முட்டி நின்றாலும் எஞ்சின் அணையாது, மெதுவாக அழுத்தினால் மெதுவாக ஏறும். மேனுவலில் முட்டினால் எஞ்சின் அணைகிறது, அல்லது துள்ளி ஏறுகிறது. டொயோட்டா டகோமாவின் சில மேனுவல் மாடல்களில் கிளட்சை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்ய ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். மேட்டில் அணைந்தால் முதல் கியரிலேயே விட்டுச் சாவியைத் திருப்பலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னே நகர்த்தி எஞ்சினையும் எழுப்பிவிடும். இப்படி ஒரு பொத்தான் தேவைப்பட்டதே ஒரு சாட்சி.

இறங்கும்போது கதை தலைகீழ். அது நாளை.

மார்ச் 8

நாளை என்றேன், இரண்டு நாள் ஆகிவிட்டது.

இறக்கத்தில் மேனுவலின் எஞ்சின் பிரேக்கிங் நேரடியானது. கியரைப் போட்டுக் காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினோடு கட்டிப்போடப்பட்டதுபோல் இருக்கும். பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகள் இந்த இடத்தில்தான் கெட்ட பெயர் வாங்கின. கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப் கிளட்ச் அவிழ்ந்துவிடும், கியர் தானாக மேலே போய்விடும், பாரம் தள்ளத் தள்ளப் பிரேக் மட்டுமே துணை. இப்போது நிலைமை வேறு. இழுவை மோடு போட்டால் வண்டி இறக்கத்தை உணர்ந்து தானே கியரைக் குறைக்கிறது, லாக்-அப்பையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. கனரக டீசல்களில், புகைபோக்கியை அடைத்து எஞ்சினை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்தால் பிரேக் மிதியில் கால் வைக்கும் தேவை வெகுவாகக் குறையும்.

இரண்டிலும் பொதுவான விதி ஒன்று: கியரை இறக்கம் தொடங்கும் முன்பே குறையுங்கள். வேகம் எகிறிய பிறகு குறைக்கப் பார்த்தால் ஆட்டோமேட்டிக் மறுத்துவிடும், எஞ்சினைக் காப்பாற்ற. மேனுவல் மறுக்காது. நீங்கள் மூன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டுக் கிளட்சை விட்டாலும் பணிவோடு எஞ்சினை நொறுக்கும். மைத்துனர் “முழுக் கட்டுப்பாடு” என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

மார்ச் 9

“பேட்டரி இறந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே!” செய்யலாம். இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் பிக்கப்பைத் தள்ள நான்கு பேரும் ஓர் இறக்கமும் வேண்டும். நான்கு பேர் கூடும் இடத்தில் ஜம்ப் ஸ்டார்ட் கேபிளும் கிடைத்துவிடும். இதை ஒரு வாதமாக எடுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும்.

“திருடனுக்கு மேனுவல் ஓட்டத் தெரியாது, அதனால் அதைத் திருட முடியாது” என்ற வாதத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. திருடனின் கல்வித் தகுதியை நம்பிக் கியர் பெட்டி வாங்குகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை.

மார்ச் 10

நீரைக் கடப்பது பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மேனுவல் என்றால்: கரையிலேயே கியரைப் போடுங்கள், அக்கரை சேரும்வரை கிளட்சைத் தொடாதீர்கள். நீருக்குள் மிதித்தால் தட்டுகள் விலகி நடுவே தண்ணீரும் சேறும் புகும், பிறகு வழுக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கவலை இல்லை. ஆனால் சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது காற்றுத் துளை வழியே ஈரத்தை உள்ளிழுக்கக்கூடும். துளைக் குழாய் எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்று ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள். இது இரண்டு வகைக்கும், பின் அச்சுக்கும் பொருந்தும்.

மார்ச் 14

ஆட்டோமேட்டிக்கைப் பரிந்துரைத்துவிட்டு எண்ணெயைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாவம்.

கையேட்டில் “ஆயுள் முழுவதற்குமான எண்ணெய்” என்று எழுதியிருக்கும். யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல பிக்கப்புகளில் உள்ள எட்டு கியர் பெட்டிகளின் வடிவமைப்பாளரான இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. டிரெய்லர் இழுப்பவர்கள் அந்தக் கீழ் எல்லைக்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. இந்த எண்ணெய் வெறும் மசகு அல்ல. அதுவே விசையைக் கடத்துகிறது, வால்வுகளை இயக்குகிறது, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளைக் குளிர்விக்கிறது. 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் நின்றால் வேகமாகக் கெடத் தொடங்கும். வெப்பநிலையை டாஷ்போர்டில் காட்டும் வண்டியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் பட்டறைக்காரர் தவறான எண்ணெயை ஊற்றிவிட்டார். நிறம் ஒன்றுதான், தரக்குறியீடு வேறு. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வண்டி தும்முவதுபோல் குலுங்கும். எண்ணெயைக் கழுவி மாற்றியபின் சரியானது, நல்ல காலம். கேனின் மேல் உள்ள குறியீட்டைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூடியைத் திறக்க விடுங்கள்.

மார்ச் 14, சற்று நேரம் கழித்து

ஒரு வாசகர் உடனே பிடித்துக்கொண்டார்: “ஆக மேனுவல்தான் பராமரிக்க எளிது.” பழுதுபார்க்க எளிது, ஆம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் கியர் பெட்டியை இறக்கி மாற்றுவது எந்தத் தேர்ந்த மெக்கானிக்குக்கும் கைவந்த வேலை. ஆட்டோமேட்டிக்கின் உள்ளே கை வைக்கத் துணிகிறவர்கள் குறைவு, பெரும்பாலும் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். ஆனால் இன்றைய டீசல் மேனுவல்களில் இரட்டை நிறை ஃப்ளைவீல் இருக்கிறது. எஞ்சினின் உதறலைக் கியருக்குப் போகாமல் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் உறிஞ்சிக்கொள்ளும். அது தேய்ந்தால் ஐட்லிங்கில் தகரப் பெட்டிக்குள் கல் உருட்டுவதுபோல் சத்தம் கேட்கும், கிளட்ச் செட்டைவிட அதற்கே அதிகம் செலவாகும். பழைய மேனுவலின் சிக்கனத்தைப் புதிய மேனுவலுக்கும் அப்படியே எழுதிவிட முடியாது.

மார்ச் 15

எரிபொருள்: பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிட்டால் மேனுவல் மிச்சம் பிடிக்கும். எட்டு, பத்து கியர் ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மறைந்துவிடும் அல்லது திசை மாறிவிடும். இதற்காக ஒரு பக்கம் சாய வேண்டாம்.

மார்ச் 21

இவ்வளவு எழுதிவிட்டு இந்த வாரம் நண்பரின் பத்து கியர் ஆட்டோமேட்டிக் பிக்கப்பை நாள் முழுதும் ஓட்டினேன், காலியாக. ஒரு விஷயம் உறுத்தியது. லேசான மேடு, சீரான வேகம், ஆனாலும் பெட்டி நிம்மதியாக இல்லை. எட்டு, ஏழு, ஒன்பது, மறுபடி எட்டு. எஞ்சினின் குரல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மேட்டின் உச்சி எனக்குக் கண்ணில் தெரிகிறது, “இன்னும் கொஞ்ச தூரம்தான், இதே கியரில் இழுத்துவிடலாம்” என்று நான் முடிவு செய்வேன். பெட்டிக்குக் கண் இல்லை. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, வேகம் எவ்வளவு என்பதை வைத்தே யூகிக்கிறது. மேனுவலில் எனக்குப் பிடித்ததே இந்த முன்யோசனைதான். வேகம் இல்லை, வீரமும் இல்லை.

கியரை நாமே பூட்டும் வசதி பல வண்டிகளில் இருக்கிறது. “இந்தக் கியருக்கு மேல் போகாதே” என்று சொல்லலாம். அதைப் பயன்படுத்திய பிறகு பிற்பகல் பயணம் சுகமாக இருந்தது. பெரும்பாலான உரிமையாளர்கள் அந்தப் பொத்தானை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆக, ஆட்டோமேட்டிக் வாங்கினால் கியர் பற்றிய அறிவு தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பாரம் இழுக்கும்போது அதே அறிவு விரலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 22

“அப்படியானால் நீங்கள் ஏன் இன்னும் மேனுவல் வைத்திருக்கிறீர்கள்?” என்று சிலர். எனக்குப் பிடித்திருக்கிறது. நான் இழுப்பது சிறிய டிரெய்லர், நெரிசல் அதிகம் இல்லாத பாதை, இடது முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. கிளட்ச் கடிக்கும் இடத்தைப் பாதத்தால் உணர்ந்து பழகிவிட்டது. கேள்வி கேட்டவரின் வேலை வேறு.

முழங்காலை விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் இன்னொருவரும் ஓட்டப் போகிறார் என்றால் அவரையும் கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் மட்டும் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர் மேனுவல் ஓட்டப் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்காது. ஒருவருக்கு இடதுகாலில் அறுவைச் சிகிச்சை நடந்த வாரத்தில் வீட்டு வண்டி மேனுவலாக இருந்தால் அது வாசலில்தான் நிற்கும்.

மார்ச் 29

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். இரண்டையும் ஓட்டிப் பார்த்தாராம், இரண்டுமே நன்றாக இருந்ததாம். எங்கே ஓட்டினீர்கள்? ஷோரூமைச் சுற்றிய நெடுஞ்சாலையில். முதல் நாளே சொன்னேன் அல்லவா? படகைக் கட்டிக்கொண்டு போங்கள். விற்பனையாளர் சம்மதிக்காவிட்டால் குறைந்தது ஒரு செங்குத்தான சரிவையாவது தேடுங்கள். பாதி மேட்டில் நிறுத்துங்கள். பின்னோக்கி மெதுவாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஒரு வண்டி நீளத்துக்கு ஏற்றுங்கள். மறுபடி நிறுத்துங்கள், மறுபடி ஏற்றுங்கள். மேனுவலில் இதைச் செய்துவிட்டு ஜன்னலைத் திறந்து மோந்து பாருங்கள்.

ஏப்ரல் 4

ஆட்டோமேட்டிக் என்று முடிவாம், ஆனால் புதிதல்ல, பழைய வண்டி. அப்படியானால் ஓட்டும் முன் சில சோதனைகள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் போட்டால் ஒரு நொடிக்குள் மென்மையாகப் பிடிக்க வேண்டும். தாமதித்துப் பிறகு ‘டக்’ என்று இடித்தால் நல்ல அறிகுறி இல்லை. எண்ணெய் அளக்கும் கோல் இருந்தால் துடைத்துப் பாருங்கள். கருத்துக் கருகிய வாடை வந்தால் விட்டுவிடுங்கள். சீரான வேகத்தில் மிக லேசாக அழுத்தும்போது, சாலையோரக் கோட்டின் மேடுகளில் டயர் ஏறியதுபோல் நொடிநேர அதிர்வு வந்தால் அது லாக்-அப் கிளட்சின் புலம்பல். சில நேரம் புதிய எண்ணெயிலேயே தீரும், சில நேரம் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும். வாங்குகிறவர் மோசமானதையே எண்ணிப் பேரம் பேச வேண்டும்.

மனம் மாறி மேனுவல் பார்த்தால்: நகரும் வண்டியில் மேல் கியரில், குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்துவிட்டது.

இரண்டுக்கும் பொதுவாக, பின்னால் போய்க் குனிந்து டிரெய்லர் கொக்கியின் உருண்டையைப் பாருங்கள். “இந்த வண்டி எதையும் இழுத்ததே இல்லை” என்பார் விற்பவர். உருண்டையின் மேல்பக்கம் தேய்ந்து பளபளத்தால், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.